கண்ணறிந்து எழுதுவோம்

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் வட்டத்தைச் சார்ந்த ஊர் ஏரியூர். மேட்டூர் அணையில் தேங்கும் காவிரி நீர்ப்பரப்பு அதற்கு அண்மையில் விரிந்து கிடக்கின்றது. ஊரைச் சுற்றிலும் கரடுகளும் மேட்டு நிலங்களும் உள்ளன. கேழ்வரகும் நிலக்கடலையும் மரவள்ளியும் பயிரிடும் உழவர் பலர் அப்பகுதியில் வாழ்கின்றனர். பென்னாகரத்திற்கோ தருமபுரிக்கோ செல்ல வேண்டுவோர் காலை வேளையில் பேருந்து நிற்குமிடத்தில் கூடி நிற்பர். அக்கூட்டத்தின் நடுவே மூதாட்டியார் ஒருவர் நிற்கின்றார் என்று கொள்வோம். பேருந்து ஒன்று வந்து நிற்கின்றது. அதன் முகப்பில் ஊர்ப்பெயர் எழுதப்பட்டுள்ளது. மூதாட்டியார் கண்களைச் சுருக்கி அதனை நோக்குகின்றார். கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு மீண்டும் நோக்குகின்றார். பின்னர், அருகில் நிற்கும் சிறுவனிடம், "தம்பி, இது எந்த ஊர் வண்டியப்பா?" என்று வினவுகின்றார். "பாட்டிக்குப் படிக்கத் தெரியாதோ?" என்று அவன் நகைக்கின்றான்.

மூதாட்டியார் படித்தவர், இளமையில் ஐந்தாம் வகுப்பு வரை பயின்றவர். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் பெரிய கரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் நாளையும் கிழமையையும் இன்றும் தாமே படித்தறிபவர். பேருந்தின் பலகையை மட்டும் அவரால் படிக்க இயலவில்லை. வெண்மையான பலகையில் மஞ்சள் நிறத்தால் ஊர்ப்பெயரை எழுதியிருந்ததே அதற்குக் காரணம். இளங்கண்கள் அதனை ஒருவாறு படித்துவிடும். கண்புரை படரத் தொடங்கிய கண்ணுக்கோ அப்பலகை வெறும் பலகையாகவே தோன்றும். எழுத்தறிவு பெற்ற ஒருவரை எழுத்தறியாதவர்போல் நிற்க வைத்தது அம்மஞ்சள் வண்ணமேயாகும்.

இத்தகைய காட்சி எவ்வூரிலும் நிகழக்கூடியது. இதனைக் காணும் நாம், "அவருக்குப் பார்வை போதவில்லை, என் செய்வது!" என்று கூறி அமைந்துவிடுகின்றோம். குறையை அவருடைய கண்ணின்மேல் ஏற்றிவிட்டு, பலகையை எழுதியவரைப் பற்றி எண்ணாமல் விடுகின்றோம். இது முறையன்று என்பதே என் கருத்து. பொதுமக்கள் படிப்பதற்கென்று எழுதப்படும் எழுத்து, குறைந்த பார்வை உடையவருக்கும் விளங்குமாறு அமைதல் வேண்டும். அவ்வாறு அமையாதாயின், பிழை எழுத்தினுடையதே, படிப்பவருடையது அன்று.

எழுத்து எவ்வாறு கண்ணுக்குப் புலனாகின்றது என்பதை முதலில் அறிதல் நலம். எழுத்தின் நிறமும் அதன் பின்னணியின் நிறமும் ஒளியளவில் ஒன்றற்கொன்று மிகுதியாக வேறுபடும்போது எழுத்து தெளிவாகத் தெரிகின்றது. இவ்வுண்மையை நம் முன்னோர் செயலளவில் நன்கு அறிந்திருந்தனர். பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து, கீறியவுடன் ஓலையின் நிறமாகவே இருக்கும். அதனை எளிதில் படிக்க இயலாது. ஆதலின் விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து ஓலையின்மீது தடவித் துணியால் துடைப்பர். மேற்பரப்பில் உள்ள கரி நீங்க, கீறலில் மட்டும் கரி தங்கும். எழுத்துகள் கருமையாகத் துலங்கும். சாணம் தெளித்த வாயிலில் வெண்மாவாற் கோலம் இடுகின்றோம். கரும்பலகையில் வெண்சுண்ணத்தால் எழுதுகின்றோம். இவை யாவும் ஒரே நெறியைப் பின்பற்றியவை.

இந்நெறியை இக்கால அறிஞர் எண்களால் அளந்து கூறியுள்ளனர். கணினியிலும் கைபேசியிலும் காணும் வலைப்பக்கங்களுக்கு நெறிமுறைகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பு ஒன்று, 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில் இவ்வளவை விளக்கியுள்ளது. முழுவெண்மைக்கும் முழுக்கருமைக்கும் இடையேயுள்ள ஒளி வேறுபாடு 21-க்கு 1 ஆகும். ஒரே நிறத்தின்மேல் அதே நிறத்தால் எழுதினால் அது 1-க்கு 1. அங்கே எழுத்தே தோன்றாது. சிறிய எழுத்துக்கு இவ்வேறுபாடு 4.5-க்கு 1 என்னும் அளவிற்குக் குறையலாகாது. பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 போதும். இயல்பான கண் 12 மீட்டர் தொலைவிலிருந்து காண்பதை 6 மீட்டர் தொலைவுக்கு வந்தே காணக்கூடிய கண்ணை உள்ளத்திற்கொண்டு 4.5 என்னும் எண்ணை அவர்கள் தெரிந்தெடுத்தனர். முதுமையில் பலருடைய பார்வை ஏறத்தாழ இவ்வளவினதாகவே இருக்கின்றது.

மூதாட்டியார் கண்ட பலகையை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம். கணினித் திரையில் வெண்மையின்மேல் தூய மஞ்சளால் எழுதினால் கிடைப்பது ஏறத்தாழ 1.07-க்கு 1 என்னும் வேறுபாடே. அதே மஞ்சளைக் கருமையின்மேல் எழுதினால் வேறுபாடு 19-க்கும் மேலாக உயர்கின்றது. மஞ்சள் தீய நிறமும் அன்று; நல்ல நிறமும் அன்று. அது எதன்மேல் எழுதப்படுகின்றது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகின்றது. இன்னொன்றும் காண்க. அடர்ந்த பச்சையின்மேல் செந்நிறத்தால் எழுதினால், இயல்பான கண்ணுக்கு இரண்டும் முற்றிலும் வேறான நிறங்களாகவே தோன்றும். எனினும் அவற்றின் ஒளி வேறுபாடு ஏறத்தாழ 1.3-க்கு 1 மட்டுமே. நிறத்தால் வேறுபடுதல் வேறு. ஒளியால் வேறுபடுதல் வேறு என்பது இதனால் விளங்கும். எழுத்தைத் தாங்குவது ஒளி வேறுபாடே.

இனி, கண்ணின் குறைகள் சிலவற்றை நோக்குவோம். கண்புரையில் விழிவில்லை மங்கி மஞ்சள் படர்கின்றது. உள்ளே புகும் ஒளி சிதறுகின்றது. அதனால் நீலம் முதலிய நிறங்கள் மங்குகின்றன. வெயிலின் கூச்சமும் மிகுகின்றது. கண்நீர் அழுத்த நோய் உற்றோர்க்கும், நீரிழிவினால் விழித்திரை பழுதுற்றோர்க்கும் இளநிறங்களுக்கு இடையேயுள்ள சிறு வேறுபாடுகள் புலப்படாமற் போகின்றன. கண்ணாடி அணிந்தும் தெளிவுறாத குறைபார்வை உடையோரும் நம்மிடையே உளர். 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபார்வையை ஒரு குறைபாடாக ஏற்றுக்கொண்டுள்ளது. அச்சிலும் மின்னணு ஊடகங்களிலும் வெளிவருவன அனைவரும் அணுகத்தக்க வடிவில் அமைய அரசு வழிசெய்தல் வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகின்றது. ஆதலின், தெளிவாக எழுதுதல் நாம் பிறர்க்குச் செய்யும் இரக்கம் என்று எண்ணற்க. அது அவர்களுக்கு உரிய உரிமையாகும்.

நிறக்குருடு என்று வழங்கும் குறை மற்றொரு வகையானது. அப்பெயர் முற்றும் பொருந்துவதன்று. அக்குறை உடையோருட் பெரும்பாலோர் நிறங்களைக் காண்கின்றனர். சிவப்பு, பச்சை போன்ற சில நிறங்களை ஒன்றினின்று ஒன்று பிரித்தறிய இயலாது இடர்ப்படுகின்றனர். நம் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்பணுக்கள் மூவகையாக உள்ளன. அவற்றுள் ஒருவகை இல்லாமற்போனாலோ, மாறுபட்டு அமைந்தாலோ இக்குறை தோன்றும். இது பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது. பெண்களினும் ஆண்களிடமே மிகுதியாகக் காணப்படுவது. வட ஐரோப்பிய மரபினருள் ஆண்களில் நூற்றுவர்க்கு ஏறத்தாழ எண்மர் இக்குறை உடையவர். நம் நாட்டில் அவ்வளவு பேர் இலர் எனினும், மாணவர் பலர் பயிலும் பள்ளி எதிலும் இத்தகையோர் சிலர் இருப்பர்.

அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்ட்டன் என்னும் ஆங்கில அறிஞரும் இக்குறை உடையவரே. பிறர் சிவப்பு என்று கூறுவது தமக்கு வேறாகத் தோன்றுவதை உணர்ந்து, 1794-ஆம் ஆண்டில் அதனைப் பற்றி அவர் மான்செஸ்டர் நகரத்து அறிஞர் கழகத்தில் உரையாற்றினார். தம் கண்ணினுள் இருக்கும் நீர்மம் நீலநிறமாக இருத்தல் வேண்டும் என்றும், அதுவே காரணம் என்றும் அவர் கருதினார். தாம் இறந்த பின்னர்த் தம் கண்களை ஆராயுமாறும் கூறினார். 1844-இல் அவர் இறந்தபின் ஆராய்ந்தபோது அந்நீர்மம் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைக்கப்பட்ட அவர் கண்ணின் மரபணுவை 1995-ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பச்சை ஒளியைச் சிறப்பாக உணரும் கூம்பணுக்களின் நிறமி அவருக்கு இல்லை. அறிவிற் சிறந்த ஒருவருக்கும் கண் இவ்வாறு அமைதல் கூடும். ஆகவே, நிறம் தவறிக் கூறும் மாணவனை மந்தன் என்று எண்ணுதல் எவ்வளவு பேதைமை!

உலகம் இக்குறையை எவ்வாறு எதிர்கொண்டது என்பது சிந்திக்கத்தக்கது. 1875-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரண்டு புகைவண்டிகள் மோதிக்கொண்டன, ஒன்பதின்மர் உயிரிழந்தனர். வண்டியைச் செலுத்தியவர் விளக்கின் நிறத்தை உணராமையே காரணமாகலாம் என்று ஹோல்ம்கிரென் என்னும் உடலியல் அறிஞர் கருதினார். வண்ண வண்ணக் கம்பளி நூற்கற்றைகளைக் கொண்டு புகைவண்டிப் பணியாளரைச் சோதிக்கும் முறையை அவர் பரப்பினார். பின்னர் 1917-இல் சப்பானிய மருத்துவர் இசிஹாரா, புள்ளிகளுக்கு இடையே எண்கள் மறைந்திருக்கும் சோதனைத் தாள்களை வெளியிட்டார். இன்றும் அத்தாள்கள் பயன்படுகின்றன. உயிர்காக்கும் பணிகளில் இத்தகைய சோதனை வேண்டும் என்பதை யான் மறுக்கவில்லை. ஆனால், மனிதரைச் சோதிப்பதில் காட்டிய ஊக்கத்தை, அவர் படிக்க வேண்டிய விளக்கையும் பலகையையும் சோதிப்பதில் உலகம் நெடுங்காலம் காட்டவில்லை. சோதனையில் தவறியவரை விலக்கி நிறுத்துவது எளிதாயிற்று. அவர்க்கும் விளங்குமாறு குறிகளை மாற்றியமைக்கும் எண்ணம் பின்னரே பிறந்தது.

அவ்வெண்ணம் இன்று நம் நாட்டிலும் வலுப்பெற்று வருகின்றது. சிறிய அளவிலும் இடைப்பட்ட அளவிலும் நிறப்பார்வைக் குறை உடையோர் ஊர்தி ஓட்டும் உரிமம் பெறுமாறு 2020-ஆம் ஆண்டில் நடுவணரசு விதியைத் திருத்தியது. 2022-இல் இந்திய உச்சநீதிமன்றம், புனேயில் உள்ள திரைப்படப் பயிற்சி நிறுவனத்தின் எல்லாப் படிப்புகளிலும் இக்குறை உடையோரைச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2023-இல் நம் தமிழ்நாட்டைச் சார்ந்த வழக்கொன்று அதே நீதிமன்றத்தின்முன் வந்தது. தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தில் உதவிப் பொறியாளர் பணியை நாடிய ஒருவர், நிறப்பார்வைக் குறை உடையவர் என்ற காரணத்தால் அப்பணியைப் பெறாதிருந்தார். அவரை அப்பணியில் அமர்த்துமாறு நீதிமன்றம் பணித்தது. ஒருவருடைய குறைக்கு ஏற்பப் பணியிடத்தில் தக்க வசதிகளைச் செய்து தருதல் கடமை என்பது அத்தீர்ப்பின் கருத்து. பொறியியல் பயின்ற ஒருவரின் பல்லாண்டு உழைப்பு, நிறங்களைப் பிரித்தறியும் திறம் ஒன்றனால் வீணாகலாமா என்பதே அங்கு எழுந்த வினா.

செய்தி சொல்வோர் கைக்கொள்ள வேண்டிய நெறிகள் இரண்டே. எழுத்தும் பின்னணியும் ஒளியால் நன்கு வேறுபடுதல் வேண்டும் என்பது முதல் நெறி. எச்செய்தியையும் நிறம் ஒன்றனால் மட்டும் கூறலாகாது என்பது இரண்டாம் நெறி. வடிவமோ, சொல்லோ, இடமோ நிறத்திற்குத் துணையாக நிற்றல் வேண்டும். சாலையில் உள்ள விளக்குக் கம்பத்தில் சிவப்பு மேலும் பச்சை கீழுமாக அமைந்துள்ளன. நிறம் அறியாதவரும் இடத்தால் அறிந்துகொள்வர். சிறு கடைகளிலும் கிடைக்கும் உணவுப் பொட்டலங்களில் சைவ உணவிற்குப் பச்சை வட்டமும், புலால் உணவிற்குப் பழுப்பு வட்டமும் பொறிக்கப்பட்டிருந்தன. பச்சையும் பழுப்பும் இக்குறை உடையோரை எளிதில் மயக்கும் நிறங்கள். 2020-ஆம் ஆண்டின் உணவுப்பொருள் விதிகள் புலால் உணவின் குறியைப் பழுப்பு முக்கோணமாக மாற்றின. வட்டம் முக்கோணமாயிற்று, அவ்வளவே. ஆயினும் அச்சிறு மாற்றத்தால், நிறம் அறியாதவரும் தாம் உண்பது இன்னது என்று பிறரை வினவாமலே அறிந்துகொள்ளலாம்.

இரண்டாம் நெறி உயிரைக் காப்பதும் ஆகும். ஏரியூரைச் சுற்றியுள்ள வயல்களை மீண்டும் நினைவுகூர்வோம். உழவர் வாங்கும் பூச்சிக்கொல்லிப் புட்டியில் சாய்சதுரக் குறி ஒன்று இருக்கும். 1971-ஆம் ஆண்டின் விதிகளின்படி, அதன் கீழ்ப்பாதியில் உள்ள நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டுகின்றது. மிகக் கொடிய நஞ்சிற்குச் சிவப்பு, அதற்கு அடுத்ததற்கு மஞ்சள், இடைப்பட்டதற்கு நீலம், கடுமை குறைந்ததற்குப் பச்சை. இவ்வரிசையின் இரு முனைகளில் நிற்பவை சிவப்பும் பச்சையுமே. நிறப்பார்வைக் குறை உடையோர் மயங்கக்கூடிய நிறங்களும் அவையே! அக்குறியின் மேற்பாதியில் மிகக் கொடிய நஞ்சிற்கு மண்டையோட்டுச் சின்னமும் எச்சரிக்கைச் சொல்லும் பொறிக்குமாறு விதித்திருப்பது மிகவும் போற்றத்தக்கது. அச்சொல் பெரிதாகவும் தெளிவாகவும், வாங்குவோர் அறிந்த மொழியிலும் அமையுமாயின் அதன் பயன் பன்மடங்காகும். இதில் நம் அனைவருக்கும் பங்குண்டு. அந்தி வேளையில் வெளிச்சம் குன்றும்போது கூம்பணுக்கள் ஓய்கின்றன. நிறம் அறியாத கோலணுக்களே நமக்குத் துணைநிற்கின்றன. நற்பார்வை உடையோரும் அந்நேரத்தில் நிறங்களை அறியாதவரே ஆவர். இருள் சூழ்ந்த பின்னர்ப் புட்டியைக் கையில் எடுப்பவர்க்கு நிறம் உதவாது. பெரிய எழுத்தே உதவும்.

"இவ்வாறெல்லாம் நெறி வகுத்தால் அழகு கெடாதோ?" என்று சிலர் வினவலாம். வண்ணங்களை விலக்க வேண்டும் என்று யான் கூறவில்லை. அடர்நீலத்தின்மேல் வெண்மையும், கருமையின்மேல் மஞ்சளும், வெண்மையின்மேல் அடர்பச்சையும் அழகுடையனவே, தெளிவும் உடையன. "செலவு மிகுமே" என்பாரும் உளர். வெண்பலகையில் மஞ்சளுக்கு மாறாகக் கருநீலம் தீட்டுவதால் பெருஞ்செலவு எதுவும் வந்துவிடாது. எழுதுமுன் சிறிது எண்ணிப் பார்த்தலே வேண்டுவது. மற்றோர் உண்மையையும் மறத்தலாகாது. கண்கூச்சம் உடையோர் சிலர்க்கு வெண்திரையின் ஒளியே துன்பம் தரும். கருந்திரையில் வெளிறிய எழுத்தையே அவர்கள் விரும்புவர். எல்லாக் கண்ணுக்கும் ஒரே வண்ணம் பொருந்தாது. ஆதலின் கைபேசியிலும் கணினியிலும் படிப்பவரே தமக்கேற்ற நிறத்தையும் எழுத்தளவையும் தெரிந்துகொள்ள இடமளித்தல் நன்று. சுவரிலும் பலகையிலும் அவ்வசதி இல்லை. ஆகவே, அங்கே எழுதுவோர் முன்னதாகவே கருதி எழுதுதல் வேண்டும்.

மாணவர்களே! இவை யாவும் அரசும் அறிஞரும் செய்ய வேண்டியவை என்று எண்ணி வாளா இராதீர்கள். உங்கள் வகுப்பறையிலேயே இதற்கு இடமுண்டு. பச்சைப் பலகையில் செந்நிறச் சுண்ணத்தால் எழுதிய விடையைப் பின்வரிசையில் அமர்ந்துள்ள நண்பன் படிக்க இயலாது விழிக்கலாம். நிலப்படத்தில் இரு நாடுகளைச் சிவப்பாலும் பச்சையாலும் மட்டும் வேறுபடுத்தினால், அவன் கண்ணுக்கு அவை ஒரே நாடாகத் தோன்றலாம். நாடுகளின் பெயரை எழுதுங்கள். எல்லையில் கருங்கோடு இடுங்கள். வரைபடத்தில் ஒரு கோட்டைத் தொடர்கோடாகவும் மற்றொன்றைப் புள்ளிக்கோடாகவும் வரையுங்கள். பள்ளி விழாவிற்கு விளம்பரம் எழுதினால், எழுதி முடித்தபின் பத்தடி தள்ளி நின்று, கண்களைச் சற்றே சுருக்கிப் பாருங்கள். அப்போதும் எழுத்து தெரியுமாயின் அது நல்ல எழுத்து. மங்கி மறையுமாயின் வண்ணத்தை மாற்றுங்கள். படிக்க இயலவில்லை என்று ஒருவன் கூறினால், நகையாதீர்கள்; பலகையைத் திருத்துங்கள்.

எழுத்தைக் கற்பிக்கப் பள்ளிகளை எழுப்பினோம், ஆசிரியர்களை அமர்த்தினோம், முதியோர்க்கும் எழுத்தறிவித்தோம். அவ்வாறு கற்றவர், தெருவில் இறங்கியவுடன் எழுத்தை இழந்து நிற்பாராயின் அம்முயற்சிகளின் பயனிற் பாதி வீணாகும். ஏரியூர்ப் பேருந்து நிறுத்தத்தில் நாம் கண்ட அம்மூதாட்டியார் பெரிதாக எதனையும் வேண்டவில்லை. தாம் ஏறவேண்டிய வண்டி இன்னது என்பதைத் தம் கண்ணாலேயே படித்தறிந்து, யாரையும் வினவாமல், படியேறி அமர விரும்புகின்றார். கருநீல வண்ணம் சிறிதும், எழுதுவோரின் கருத்து சிறிதும் இருப்பின் அவ்விருப்பம் நிறைவேறும். அதனை நிறைவேற்றுதல் நம் கடமை.